வன்மை வேறு, உறுதி வேறு

அடுக்களை ஒன்றில் மண்பானை ஒன்றும் பித்தளைச் செம்பு ஒன்றும் கண்ணாடிக் குவளை ஒன்றும் இருக்கின்றன எனக் கொள்க. மூன்றும் ஒரே உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விழுமாயின் யாது நிகழும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். செம்பு ஓரிடத்தில் நசுங்கி, ஓசை எழுப்பி, உருண்டோடி நிற்கும். பானை ஓடுகளாகும். குவளை எண்ணற்ற சில்லுகளாய்ச் சிதறும். இனி, ஓர் இரும்பாணியை எடுத்துச் செம்பின் மேலும் குவளையின் மேலும் கீறிப் பார்க்க. செம்பில் உடனே கோடு விழும். கண்ணாடியிலோ ஆணி வழுக்கிச் செல்லும். கீறுதற்கு எளிதாயிருந்த பொருள் விழுந்தபோது பிழைத்தது. கீறலுக்கு இடங்கொடாத பொருள் விழுந்தவுடன் அழிந்தது.

பாடசாலையில் வழங்கும் வெண்கட்டியின் இயல்பு வேறொரு வகையினது. நகத்தாலும் சுரண்டத்தக்க மென்மை அதற்கு உண்டு. ஆயினும் விரல்களிடையே சற்று வளைத்த மாத்திரத்தே அது முறிந்துவிடும். ஆகவே கீறலை எதிர்க்கும் ஆற்றல் ஒன்று. அடியையும் வளைவையும் தாங்கும் ஆற்றல் மற்றொன்று. முன்னதை வன்மை எனலாம். பின்னதை உறுதி எனலாம். உறுதியின்மையே நொறுங்குந் தன்மை. வன்மையும் உறுதியும் ஒரே குணத்தின் இரு பெயர்கள் என்று மனிதன் நெடுங்காலம் எண்ணியிருந்தான். அவ்வெண்ணம் தவறென்பதை அவன் அறிந்து கொண்டதற்குப் பானை சட்டிகளை மட்டுமன்றிப் பல உயிர்களையும் விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

வன்மையை அளந்து வரிசைப்படுத்தியவர் பிரெடரிக் மோஸ் என்னும் ஜேர்மானியக் கனிப்பொருளறிஞர். 1812 ஆம் ஆண்டில் அவர் பத்துக் கனிப்பொருள்களை ஒன்றையொன்று கீறும் வரிசையில் நிறுத்தினார். முதற்படியில் மாக்கல் வகையான தல்க்கு. பத்தாம் படியில் வைரம். இந்த அளவின்படி மனித நகம் ஏறத்தாழ இரண்டரை. செப்பு நாணயம் மூன்று. சாளரக் கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரை. மணலிலுள்ள படிகக்கல் ஏழு. வைரம் அனைத்தையும் கீறும். அதனைக் கீறும் இயற்கைப் பொருள் வேறில்லை. உரோம நாட்டு அறிஞர் பிளினி கி. பி. முதலாம் நூற்றாண்டில், வைரத்தைப் பட்டடையில் வைத்துச் சுத்தியலால் அடித்தாலும் அது உடையாதென எழுதி வைத்தார். அது பிழை. உரிய திசையில் ஓர் அடி விழுமாயின் வைரமும் பிளந்துவிடும். வைரம் வெட்டும் தொழிலாளர் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்த உண்மை அதுவே. வன்மையில் முதலிடம் பெற்ற பொருளுக்கும் உடைவு உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இந்தப் பாடத்தை மனிதனுக்கு முதன்முதற் கற்பித்த ஆசான் களிமண்ணே. களிமண்ணின் துணிக்கைகள் மிக நுண்ணிய தகடுகள். ஒரு மில்லிமீற்றரின் ஐந்நூற்றில் ஒரு பங்கினும் சிறியவை. அத்தகடுகளுக்கிடையே நீர் நிற்கும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. நீர் அவற்றைப் பிரிய விடாமலும் பிடித்துக் கொள்கிறது. குயவன் விரல் தொட்ட பக்கமெல்லாம் மண் வளைந்து கொடுப்பதற்கும், விட்ட வடிவில் அப்படியே நிற்பதற்கும் இதுவே காரணம். நீர் வற்றும்போது தகடுகள் நெருங்கி வருகின்றன, பாண்டம் சுருங்குகிறது. ஒரு பக்கம் விரைவாகவும் மறுபக்கம் மெதுவாகவும் உலருமாயின் இரண்டுக்குமிடையே வெடிப்பு விழும். வனைந்த பானையை உடனே வெயிலில் வையாது நிழலில் உலர்த்துவது இதன் பொருட்டே.

நிழலில் உலர்ந்த பானை பார்வைக்குப் பானையே. ஆயினும் நீர் ஊற்றினால் மீண்டும் சேறாகிவிடும். அதனை நிலையான பொருளாக்குவது நெருப்பு. ஏறத்தாழ 450 முதல் 600 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில், களிமண்ணின் உள்ளமைப்பிலேயே கட்டுண்டு கிடந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் எத்தனை நாள் நீரில் ஊறினும் அது களிமண்ணாகத் திரும்புவதில்லை. வெப்பம் மேலும் உயர, துணிக்கைகளின் ஓரங்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. மண் கல்லாகிறது. ஆனால் இந்தப் பேற்றுக்கு ஈடாக அது ஒன்றை இழக்கிறது. ஈரக் களிமண்ணைக் குத்தினால் குழியும், வளைத்தால் வளையும், உடைய மாட்டாது. சுட்ட மண் குழிவதுமில்லை, வளைவதுமில்லை. உடைவது ஒன்றே அது அறிந்தது. வன்மையைப் பெற்ற அதே சூளையில் அது இணக்கத்தை இழந்துவிட்டது.

இப்பரிமாற்றம் மிகத் தொன்மையானது. செக் நாட்டிலுள்ள டொல்னி வெஸ்தொனிச்சே என்னுமிடத்தில், 25,000 ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட சுட்ட களிமண் உருவங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பெண்ணுருவம் ஒன்று 1925 ஆம் ஆண்டில் இரு துண்டுகளாகக் கிடைத்தது. மற்றவற்றுட் பெரும்பாலானவையும் உடைந்த துண்டுகளே. சமைப்பதற்கும் சேமிப்பதற்கும் உரிய பாண்டங்கள் அதற்குப் பின்னரே தோன்றின. சீனாவின் சியான்றென்டொங் குகையிற் கிடைத்த பானையோடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுப் பழைமையுடையவை என்பது 2012 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பயிர்த்தொழில் தோன்றுவதற்கு ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் பானை செய்யக் கற்றிருந்தான். உடைந்த பானைக்கு வருந்தவும் கற்றிருந்தான்.

வருந்தியதோடு அவன் நின்றுவிடவில்லை. வெறும் நுண்களிமண்ணால் செய்த பாண்டம் அடுப்பில் ஏறியவுடன் வெடிப்பதைக் கண்டான். களிமண்ணோடு மணலையோ, இடித்த பழைய ஓட்டுத் தூளையோ, சிப்பித் தூளையோ, உமியையோ, வைக்கோலையோ கலந்து பார்த்தான். உலகின் பல பாகங்களில், ஒருவரையொருவர் அறியாத மக்கள் இவ்வாறே செய்தனர். கலந்த மணல் மூன்று வகையில் உதவுகிறது. மணல் சுருங்குவதில்லை, ஆகவே பாண்டம் உலரும்போது சுருக்கம் குறைகிறது. மணியிடைச் சந்துகள் வழியே நீராவி வெளியேறுகிறது. ஆகவே சூளையில் வெடிப்பது குறைகிறது. மூன்றாவது உதவியே பெரிது. அடுப்பின் சூட்டால் சுவரில் ஒரு வெடிப்புத் தோன்றி ஓடுமாயின், அது மணல்மணி ஒன்றில் முட்டி நின்றுவிடுகிறது, அல்லது சுற்றி வளைந்து செல்ல நேர்ந்து வேகம் இழக்கிறது. மணல் கலந்த சுவரின் தொடக்க வலிமை நுண்மண் சுவரினும் குறைந்ததே. ஆயினும் நுண்மண் பாண்டம் உடையும்போது ஒரேயடியாக உடையும். மணல் கலந்த சட்டியோ பல நுண்வெடிப்புகளைத் தாங்கிக்கொண்டு நாள்தோறும் அடுப்பில் ஏறும்.

சமையற் சட்டி பானைகளின் வடிவத்திலும் இத்தகைய அறிவு புதைந்து கிடக்கிறது. அவற்றின் அடி உருண்டது. மூலையென்று சொல்லத்தக்க இடம் அவற்றில் இல்லை. தட்டையான அடியும் செங்குத்தான சுவரும் சந்திக்கும் மூலையில் சூட்டினால் எழும் இழுவை முழுவதும் குவியும். வெடிப்பும் அங்கேயே தொடங்கும். இந்த உண்மைக்கு முறையான கணக்கு கிடைத்தது 1913 ஆம் ஆண்டிலாகும். சார்ள்ஸ் இங்கிலிஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலறிஞர், தகடு ஒன்றில் துளையோ கூர்மூலையோ இருக்குமாயின் அவ்விடத்தில் இழுவை பன்மடங்காகப் பெருகுமென்றும், மூலை எவ்வளவு கூரியதோ அவ்வளவுக்கு அப்பெருக்கம் மிகுமென்றும் நிறுவினார். குயவனின் கை, கணக்கு வருமுன்னரே மூலையைத் தவிர்த்திருந்தது.

உடையும் பொருளைக் கையாளுதற்கு இன்னொரு வழியும் உண்டு. சுட்ட மண் இழுத்தால் எளிதில் முறியும். ஆனால் அமுக்கினால் பெருஞ்சுமையைத் தாங்கும். காரணம் எளிது. இழுவை வெடிப்பின் வாயைத் திறக்கிறது. அமுக்கம் அவ்வாயை மூடிவிடுகிறது. ஆகவே செங்கல்லால் எதனைக் கட்டினும் அதன் ஒவ்வொரு பகுதியும் அமுக்கத்திலேயே இருக்குமாறு வடிவமைத்தல் வேண்டும். இவ்வழியை இலங்கையின் பண்டைக் கட்டடக் கலைஞர் நன்கு அறிந்திருந்தனர். அநுராதபுரத்தில் மகாசேன மன்னன் தொடங்கி, அவன் மைந்தன் காலத்தில் நிறைவெய்திய ஜேதவனாராமயத் தூபி, கட்டப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 122 மீற்றர் உயரமுடையதாயிருந்தது. அதிலுள்ள செங்கற்கள் ஒன்பது கோடிக்கும் மேற்பட்டவை என மதிப்பிடுவர். அடி அகன்று, மேலே செல்லச் செல்ல ஒடுங்கும் அதன் வடிவத்தில் மேலுள்ள கல் கீழுள்ள கல்லை அமுக்குகிறது. கையில் எடுத்து எறிந்தால் இரண்டாகும் செங்கல், அக்குவிமாடத்துள் பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சுமை தாங்கி நிற்கிறது. முடிப்பகுதி அழிந்து உயரம் குறைந்ததேயன்றி அதன் உடல் நிலைத்திருக்கிறது.

பானை உடையும் என்பது உண்மையாயினும், உடைந்த ஓடு அழியாது என்பதும் உண்மையே. துணி மக்கும், மரம் உளுக்கும், இரும்பு துருவேறும். செப்பும் பொன்னும் உருக்கப்பட்டு வேறு பொருளாகும். பானையோட்டை உருக்குவாரும் இல்லை, திருடுவாரும் இல்லை. ஆதலால் மனித வரலாற்றின் பெரும்பகுதி பானையோட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1890 ஆம் ஆண்டில் பிளின்டர்ஸ் பெற்றி என்னும் ஆங்கிலேய அகழ்வாய்வாளர், பாலத்தீனத்திலுள்ள தெல் எல் ஹெசி என்னும் மேட்டில், ஒவ்வொரு மண்ணடுக்கிலும் கிடைத்த ஓடுகளின் வகையைக் கொண்டே அவ்வடுக்கின் காலத்தைத் துணியலாமெனக் காட்டினார். தமிழகத்து அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில், மத்தியதரைக்கடல் நாட்டுப் பாண்டங்களின் ஓடுகளும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. அநுராதபுரத்து அகழ்வுகளிலும் பிராமி எழுத்துடைய ஓடுகள் வெளிவந்தன. தன் பானையிற் பெயர் கீறிய எளிய மனிதன் ஒருவன் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அறியப்படுகின்றானென்றால், அதற்கு அவ்வோட்டின் வன்மையே காரணம். பாண்டமாயிருந்தபோது அதற்குத் துன்பமாய் அமைந்த குணம் ஓடானபின் அதற்குப் புகழாயிற்று.

மண்ணிற் கற்ற பாடத்தை மனிதன் இரும்பில் மீண்டும் ஒருமுறை கற்க வேண்டியிருந்தது. தூய இரும்பு மென்மையானது, வளையும், முறியாது, ஆயினும் அதிற் செய்த கத்தி கூர் நில்லாது. அதனோடு நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது இரு பங்கு காபன் சேருமாயின் அது வன்மை மிக்க உருக்காகிறது. நூற்றுக்கு இரண்டுக்கு மேல், நான்கு வரை சேருமாயின் எளிதில் உருகி அச்சில் வார்க்கத்தக்க வார்ப்பிரும்பாகிறது. ஆனால் அது சுத்தியலடிக்கு மண்பானைபோல் உடையும். இலங்கையில் பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக் காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய உலைகள் கண்டறியப்பட்டன. கில் யூலெப் என்னும் ஆய்வாளர் அவ்வாறான உலை ஒன்றை மீண்டும் அமைத்து இயக்கிக் காட்டி, 1996 ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். கி. பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை அங்கே காபன் மிகுந்த உருக்கு ஆக்கப்பட்டது என்பது அதனாற் புலனாயிற்று.

உருக்கைச் செய்தல் ஒரு திறமை. அதனை உடையாத கருவியாக்குதல் மற்றொரு திறமை. செந்நிறமாகக் காய்ச்சிய கத்தியை நீரில் அமிழ்த்தினால் அதன் அலகு மிகுந்த வன்மை பெறும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும் நிலையையும் அடையும். ஆகவே கொல்லன் அதனை மறுபடியும் இளஞ்சூட்டில் வைத்து, அலகில் வைக்கோல் நிறமோ ஊதா நிறமோ படரும் தருணம் பார்த்து எடுக்கிறான். பெற்ற வன்மையில் ஒரு பகுதியை அவன் அறிந்தே விட்டுக்கொடுக்கிறான். அதற்கு ஈடாக உறுதியைப் பெறுகிறான். அரிவாளும் கோடரியும் கல்லிற் பட்டபோது முறியாமலிருப்பது இந்தத் தோய்ச்சலின் பயனே.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வார்ப்பிரும்பு மலிவாயிற்று. இங்கிலாந்திலே செவேண் ஆற்றின் குறுக்கே 1779 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30 மீற்றர் அகலமுடைய வார்ப்பிரும்புப் பாலம் எழுந்தது. அது வில் வடிவானது. அதன் உறுப்புகள் பெரும்பாலும் அமுக்கத்திலேயே நிற்பவை. செங்கற் குவிமாடத்தின் நெறியே இரும்பிற் கையாளப்பட்டது. அப்பாலம் இன்றும் நிற்கிறது. ஆனால் புகையிரத வீதிகள் பெருகிய காலத்தில் அந்நெறி மறக்கப்பட்டது. வார்ப்பிரும்பை நேரான உத்திரங்களாக ஆறுகளின் குறுக்கே வைத்தனர். உத்திரத்தின் மேல் சுமை ஏறும்போது அதன் கீழ்ப்பக்கம் இழுபடும். இழுவையே வார்ப்பிரும்பு தாங்காதது. 1847 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் நாள், செஸ்ரர் நகருக்கருகே டீ ஆற்றுப் பாலத்தின் உத்திரம் முறிந்து புகைவண்டிப் பெட்டிகள் ஆற்றில் விழுந்தன, ஐவர் மாண்டனர். அப்பாலத்தை வகுத்தவர் அக்காலத்துப் பொறியியலாளருள் முதன்மையானவராய் விளங்கிய ரொபேட் ஸ்ரீபன்சன்.

அதனினும் கொடியது 1879 ஆம் ஆண்டு டிசெம்பர் 28 ஆம் நாள் இரவு நிகழ்ந்தது. ஸ்கொத்லாந்தில் டே ஆற்று முகத்தின் குறுக்கே, முந்திய ஆண்டிலே திறக்கப்பட்ட நீண்ட பாலத்தின் நடுப்பகுதி, புகைவண்டி ஒன்று கடந்து கொண்டிருந்தபோது புயலில் வீழ்ந்தது. வண்டியிலிருந்தவருள் ஒருவரும் பிழைக்கவில்லை. பாலத்தின் உயர்ந்த தூண்கள் வார்ப்பிரும்பாலானவை. அத்தூண்களைப் பிணைத்து நின்ற குறுக்குக் கம்பிகள், தூணோடு சேர்த்து வார்க்கப்பட்ட காதுகளிற் பூட்டப்பட்டிருந்தன. காற்று பாலத்தைத் தள்ளியபோது அக்காதுகள் இழுவைக்கு உள்ளாகி ஒவ்வொன்றாக முறிந்தன. பாலம் வகுக்கப்பட்ட முறையும் கட்டப்பட்ட முறையும் பேணப்பட்ட முறையும் பிழையானவை என விசாரணை மன்றம் 1880 இல் முடிவு செய்தது. செவேண் பாலமும் வார்ப்பிரும்பே; டே பாலத்தின் தூண்களும் வார்ப்பிரும்பே. ஒன்று அப்பொருளின் குறையை அறிந்து கட்டப்பட்டது. மற்றொன்று அக்குறை மறந்து கட்டப்பட்டது.

உடையும் பொருள் ஏன் உடைகிறது என்னும் வினாவுக்கு விடை தந்தது கண்ணாடியே. 1660 ஆம் ஆண்டில், உருகிய கண்ணாடித் துளியை நீரில் விழச்செய்து ஆக்கிய ஒரு விளையாட்டுப் பொருளை இளவரசர் றூப்பேட் இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தார். அடுத்த ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தார் அதனை ஆராய்ந்தனர். அத்துளியின் தலை சுத்தியலடியைத் தாங்கும். ஆனால் நூல்போன்ற அதன் வாலை விரலால் ஒடித்தால் துளி முழுவதும் ஒரு கணத்தில் பொடியாகிவிடும். துளியின் புறத்தோல் முதலிற் குளிர்ந்து இறுகுகிறது. அகம் பின்னர்க் குளிர்ந்து சுருங்கும்போது தோலை உள்நோக்கி இழுக்கிறது. ஆகவே தோல் அமுக்கத்தில் நிற்கிறது. அங்கே வெடிப்பு வாய் திறப்பதில்லை. வால் ஒடிந்து வெடிப்பு உட்புறத்தை அடைந்துவிட்டாலோ, அங்குள்ள இழுவை அதனைத் துளி முழுவதும் ஓடச் செய்கிறது. இன்று பேருந்துகளின் பக்கக் கண்ணாடிகள் இதே நெறியில் இறுக்கப்படுகின்றன. உடைந்தாலும் அவை கூரிய வாள்களாகாமல் மணிகளாய் உதிர்கின்றன.

1920 ஆம் ஆண்டில், பாண்பறோவிலுள்ள விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஆலன் ஆர்னோல்ட் கிறிபித் என்னும் இளம் பொறியியலாளர் றோயல் சங்கத்துக்கு ஓர் ஆய்வுரை சமர்ப்பித்தார். கண்ணாடியின் அணுக்களைப் பிணைக்கும் விசையைக் கணக்கிட்டால் அது மிகப்பெரிது. ஆனால் கையிலுள்ள கண்ணாடி அதில் ஒரு சிறு பங்கு விசையிலேயே உடைகிறது. காரணம், அதன் மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகளே என்றார் கிறிபித். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடிக் கம்பியினும், மில்லிமீற்றரின் முந்நூற்றில் ஒரு பங்கு தடிப்புள்ள கண்ணாடி இழை, பரப்புக்குப் பரப்பு ஒப்பிடுகையில் ஏறத்தாழ இருபது மடங்கு வலிமையுடையதென அவர் அளந்து காட்டினார். இழை நுண்ணிதாக நுண்ணிதாக, பெரிய வெடிப்புக்கு அதில் இடமில்லாது போகிறது. குறித்த ஓர் எல்லைக்குக் குறைந்த வெடிப்பு உறங்கிக் கிடக்கும். அவ்வெல்லையைக் கடந்த வெடிப்புத் தானாகவே ஓடும். பித்தளைச் செம்பு பிழைத்ததன் காரணமும் இதனால் விளங்குகிறது. உலோகத்தின் அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கொடுக்கின்றன. வெடிப்பின் கூர் மழுங்கிவிடுகிறது. சுட்ட மண்ணிலும் கண்ணாடியிலும் அவ்வாறு வழுக்கிக் கொடுப்பார் இல்லை.

ஆயினும் உலோகமும் எக்காலத்தும் நம்பத்தக்கதன்று. இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்கா, 1941 முதல் 1945 வரை 2,700 க்கு மேற்பட்ட லிபேட்டிச் சரக்குக் கப்பல்களை விரைந்து கட்டியது. முன்னாளில் உருக்குத் தகடுகளை ஆணி அறைந்து பொருத்துவர். ஒரு தகட்டில் ஓடிய வெடிப்பு அத்தகட்டின் விளிம்பில் நின்றுவிடும். போர்க்காலக் கப்பல்களிலோ தகடுகள் காய்ச்சி ஒட்டப்பட்டன. கப்பல் முழுவதும் ஒரே தகடாயிற்று. 1943 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் நாள் இரவு, ஒறிகன் மாநிலத்துப் போட்லன்ட் நகரில், புதிதாகக் கட்டப்பட்டு அமைதியான நீரில் நின்ற செனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல் பேரொலியோடு நடுவே பிளந்தது. அடித்த புயலுமில்லை, மோதிய பாறையுமில்லை. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் என்னும் பெண்ணறிஞர் இவ்வகை உடைவுகளை ஆராய்ந்து, வெப்பக்காலத்தில் வளைந்து கொடுக்கும் அவ்வுருக்கு, குறித்த அளவுக்குக் கீழ்ப்பட்ட குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்பை அடைகிறதெனக் காட்டினார். லிபேட்டிக் கப்பல்கள் பலவற்றில் வெடிப்பு, மேற்றளத்திலுள்ள சதுர வாயில்களின் கூர்மூலைகளிலே தொடங்கியிருந்தது. அம்மூலைகள் வளைவாக்கப்பட்டன, ஓடும் வெடிப்பை இடையில் நிறுத்துதற்கென ஆணி அறைந்த பட்டைகள் பொருத்தப்பட்டன. உருண்ட அடியுடைய சட்டியின் பாடமும் மணல்மணியின் பாடமும் மாபெருங் கப்பல்களிலே மீண்டும் எழுதப்பட்டன.

நொறுங்கும் பொருளுக்கு உறுதி சேர்த்த முயற்சிகளுள் ஒன்று பூஞ்சாடியிலிருந்தே பிறந்தது. பிரான்சு நாட்டுத் தோட்டக்காரரான யோசப் மொனியே, தம் சீமெந்துச் சாடிகள் அடிக்கடி உடைவதைக் கண்டு அவற்றினுள்ளே இரும்புக் கம்பி வலையைப் புதைத்தார். 1867 ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். அமுக்கத்தைச் சீமெந்து தாங்குகிறது. இழுவையைக் கம்பி தாங்குகிறது. இன்றைய மாடிவீடுகளின் கம்பியிட்ட கொங்கிறீற்று இவ்வாறான முயற்சிகளின் வழிவந்ததே.

இயற்கையோ இதனை என்றோ செய்து முடித்துவிட்டது. மன்னார்க் கடலிற் பிறக்கும் முத்துச்சிப்பியின் உட்புறத்து ஒளிரும் படலத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு எளிதில் நொறுங்கும் சுண்ணாம்புப் படிகமே. ஆனால் அது ஒரே பாளமாக இல்லை. மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள சிறு தகடுகளாகச் செங்கற்போல் அடுக்கப்பட்டிருக்கிறது. இடையிடையே சாந்துபோல் மெல்லிய புரதப்படலம் பரவியிருக்கிறது. வெடிப்பு ஒவ்வொரு படலத்திலும் திசை மாறி ஓய்ந்துபோகிறது. அதனால் அச்சிப்பி, தான் ஆக்கப்பட்ட படிகத்தினும் ஆயிரக்கணக்கான மடங்கு உடைவை எதிர்க்கிறது. 1975 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய அறிஞர் மூவர், சேர்க்கோனியா என்னும் சூளைப்பொருளில் வெடிப்பு நெருங்கியவுடன் அங்குள்ள மணிகள் உருமாறிப் பருத்து, அவ்வெடிப்பின் வாயை அமுக்கி மூடும் முறையை அறிவித்தனர். இன்று பல்லுக்கு இடும் உறைகள் அப்பொருளாற் செய்யப்படுகின்றன. களிமண் வழிவந்த பொருள்கள் அடியைத் தாங்கக் கற்றுவருகின்றன.

சூளையடியிலிருந்து ஆராய்ச்சிக்கூடம் வரை நீண்ட இந்த வரலாறு உணர்த்துவது ஒன்றே. உடைவுக்கு மருந்து மேலும் வன்மை அன்று. வெடிப்பு ஓடாதவாறு வழியில் நிறுத்துவதே மருந்து. மணலும் வளைவும் தோய்ச்சலும் கம்பியும் அவ்வொரு நெறியின் பல வடிவங்கள். அந்நெறியை மறந்த காலத்தில் பாலங்கள் வீழ்ந்தன. அதனை முதலில் அறிந்தவர்களோ பெயர் தெரியாத குயவர்கள். சந்தையில் பானை வாங்கும் மூதாட்டி அதனைக் காதருகே தூக்கிப் பிடித்து, விரலை மடக்கித் தட்டிப் பார்க்கின்றாள். ஓசை மணிபோல் எழுந்தால் வாங்குகின்றாள். மழுங்கி எழுந்தால் மறுபேச்சின்றிக் கீழே வைக்கின்றாள். கிறிபித் கணக்கிட்டுக் கண்ட அந்த வெடிப்பைத்தான் அவள் தன் செவியினால் தேடுகின்றாள்.